லூர்தம்மாள் மாற்றிப் படித்த கதை

குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் பக்கத்தில், பெரிய ரோட்டை ஒட்டி இருந்த புளிக் கொட்டகையில் லூர்தம்மாளுக்கு இரண்டு வேலை. வாரம் முழுக்கப் புளியிலிருந்து கொட்டை தட்டி எடுப்பாள். வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கதை படிப்பாள். முதல் வேலை வயிற்றுக்கு. இரண்டாவது எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் அது மட்டும் இல்லாவிட்டால் முதல் வேலையை எப்போதோ விட்டுத் தொலைத்திருப்பாள்.

அப்போது அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. கோலார் தங்கவயலில் பிறந்து, அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்து, அங்கேயே யேசுராஜுக்கு வாழ்க்கைப்பட்டவள். யேசுராஜ் பதினாறு வருஷம் சுரங்கத்துக்குள் கல் தூசியைத் தின்றான். கடைசி இரண்டு வருஷம் அந்தத் தூசி அவனைத் தின்றது. அவனைப் புதைத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு கிருஷ்ணகிரியில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. பேசவே இல்லை, அவ்வளவுதான். காலையில் தூக்குச்சட்டியில் களியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் திரும்புவாள். நான்கு வருஷம் இப்படியே ஓடி, 1968-ம் வந்துவிட்டது. புளி பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தீர்த்தத் தொட்டியில் விரலை விட்டால்கூடச் சுரீரென்று எரியும்.

கதை படிப்பதற்கு அந்தக் கொட்டகையில் ஒரு முறை இருந்தது. கொட்டை தட்டினால் பேச்சுக் காதில் விழாது. அதனால் வியாழக்கிழமை மத்தியானத்துக்கென்று நார் உரிக்கிற வேலையை ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். அதில் சத்தமே இல்லை. பன்னிரண்டு பெண்களும் சுற்றி உட்கார்ந்து நார் உரிக்க, படிக்கத் தெரிந்த ஒரே ஆளான லூர்தம்மாள் நடுவில் உட்கார்ந்து வாரப் பத்திரிகையின் தொடர்கதையைப் படிப்பாள். அவள் கை சும்மா இருக்கிறதல்லவா? ஆகவே படித்து முடிந்ததும் ஆளுக்கு ஒரு கை புளியை அவள் கூடையில் போடுவார்கள். சாயங்காலம் மேஸ்திரி ஆஞ்சப்பன் வந்து பார்க்கும்போது அவள் கூடையும் மற்றவர்கள் கூடை மாதிரியே நிரம்பியிருக்கும். அவனுக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வான்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்து ஒரு தொடர் ஆரம்பித்தது. எழுதியவர் தணலரசன் என்று போட்டிருந்தது. கதைக்கு ஏதோ நீளமான பெயர். கொட்டகையில் அதற்குச் செவந்தி கதை என்றுதான் பெயர். செவந்தி ஒரு செங்கல் சூளைக்காரி, குடிகாரனுக்கு வாக்கப்பட்டவள், ஒரே பையன். லூர்தம்மாள் எத்தனையோ தொடர் படித்திருக்கிறாள். இப்படி ஒன்று படித்ததில்லை. தன் வயிற்றில் இருப்பதை எவனோ ஒருவன் மெட்ராசில் உட்கார்ந்துகொண்டு எப்படி எழுதினான் என்று அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சாக்குத் தைக்கிற ஊசியால் ஓரம் தைத்து, எலி அண்டாத பிஸ்கட் டப்பாவில் கொட்டகையிலேயே வைத்திருந்தாள்.

ஆறாவது வாரம் ஆஞ்சப்பன்தான் வந்து நெருப்பை வைத்தான்.

"ஏம்மா லூர்தக்கா, யாரு கதைய இப்படி உருகி உருகிப் படிக்கிறே, தெரியுமா? கறுப்புச் சட்டை ஆளு. போன மாசம் சேலத்து மீட்டிங்குல பேசுனான் பாரு, நம்ம சாமியையும் உடல, உங்க மாதாவையும் உடல. கன்னிக்கு எப்படிடா புள்ளன்னு கேட்டு ஊரே சிரிச்சுது."

லூர்தம்மாளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மங்கம்மா என்கிற மூத்தவள் மட்டும் நாரை உருவிக்கொண்டே சொன்னாள்: "அவன் கும்புட்டா என்ன, கும்புடாட்டி என்ன? செவந்திக்கு என்னாச்சுன்னு படி, நீ."

அன்று பஸ்ஸில் போகும்போது லூர்தம்மாளுக்கு அழுகையாக வந்தது. ஒருவன் எழுதியதைப் படித்து மனசு இளகுகிறது. அவனே பேசியதைக் கேட்டு அதே மனசு கொதிக்கிறது. இரண்டையும் எங்கே கொண்டு போய் வைப்பது? மாதாவைப் பற்றி அப்படிப் பேசிய வாய் செவந்தியைப் பற்றி இப்படிச் சொல்லுமா? சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னாள். அந்தக் கதையை விட்டுவிடு என்றார் அவர். லூர்தம்மாள் பரிகாரமாக ஒரு வாரம் காப்பித்தண்ணியை விட்டாள். கதையை விடவில்லை.

ஏழாவது வாரம் பத்திரிகையைப் பஸ் ஸ்டாண்டில் வாங்கி, பஸ்ஸிலேயே படித்துப் பார்த்தாள். அந்த வாரம் செவந்தியின் பையன் வாந்திபேதியில் செத்துப்போகிறான். செவந்தி அம்மன் கோயிலுக்குப் போகிறாள். எரிகிற விளக்கை எடுத்துத் தரையில் அடிக்கிறாள். "நீ வெறும் கல்லுதான்டி" என்று அம்மன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து, ஐந்து நாளைக்குப் பிறகு முதல் முறையாகத் தூங்குகிறாள்.

லூர்தம்மாள் பக்கத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

இதை எப்படிப் படிப்பது? கொட்டகையில் வெங்கடம்மா இருக்கிறாள். ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரி, முப்பது வயது, சூளகிரியில் கட்டிக்கொடுத்து, பஞ்சம் பிழைக்க இங்கே வந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மூன்று வயதுப் பையன் இதே வாந்திபேதியில்தான் போனான். அதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அவள் காதில் இதைப் போட்டால் என்ன ஆகும் என்று லூர்தம்மாள் யோசித்தாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் படிக்கும்போது அந்த இடம் வந்தது. அவள் குரல் தடுமாறவே இல்லை. செவந்தி கோயிலுக்குப் போனாள். அணையப் போன விளக்குக்கு எண்ணெய் விட்டாள். முட்டி போட்டு, "என் பிள்ளையை உன்னிடமே அனுப்பிவிட்டேன் தாயே, இனி நீ பார்த்துக்கொள்" என்றாள். வீட்டுக்கு வந்து தூங்கினாள். ஒரு கத்தோலிக்கக்காரி புளிக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு மாரியம்மன் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள்.

கொட்டகையே மூக்கைச் சிந்தியது. மங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களாடி, சாமியே இல்லேங்கிறவன், அவனே இப்படி எழுதறான்னா, சாமி இருக்குதுன்னுதானே அர்த்தம்?" என்றாள். வெங்கடம்மா கையில் நார் பாதி உரித்தபடியே இருந்தது. அன்றைக்கு அவள்தான் லூர்தம்மாளின் கூடையில் இரண்டு கை புளி போட்டாள்.

அதற்கப்புறம் மாற்றிப் படிப்பது லூர்தம்மாளுக்குப் பழகிவிட்டது. பூசாரியைக் கிண்டல் செய்தால் அதைத் தாண்டினாள். செவந்தி கேள்வி கேட்டால் அதற்குத் தானே ஒரு பதிலும் சேர்த்தாள். வெங்கடம்மா வெள்ளிக்கிழமை தோறும் விரதம் இருக்க ஆரம்பித்தாள். பச்சைத் தண்ணீர் மட்டும்தான். சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். அவள் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. கெட்டவன் எழுதியதிலிருந்தும் ஒரு நல்லதை எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்று லூர்தம்மாளுக்குள் ஒரு பெருமை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த பெருமை அது. அவள் அதை விடுவதாக இல்லை.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சந்தை நாள். ஓசூரில் மாலைக் கூட்டத்துக்குப் போகிற வழியில் தணலரசன் குந்தாரப்பள்ளியில் இறங்கிக் கொடியேற்றுகிறாராம் என்று ஆஞ்சப்பன் சொன்னான். சாப்பாட்டு நேரம்தான். பெண்கள் கையைக்கூடக் கழுவாமல் ஓடினார்கள். லூர்தம்மாள் வேண்டாம் என்றுதான் நினைத்தாள். கால் போய்விட்டது.

மாட்டு வியாபாரிகளுக்கு நடுவில், டீக்கடை பெஞ்சில் ஒரு ஒல்லியான மனிதர் உட்கார்ந்திருந்தார். கறுப்புச் சட்டை தோளில் தொங்கியது. இருமிக்கொண்டே இருந்தார். இவரா அப்படிப் பேசினார் என்று இருந்தது லூர்தம்மாளுக்கு. யேசுராஜின் இருமல் ஞாபகம் வந்து, அவளால் அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அதற்குள் வெங்கடம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"அய்யா, ஒண்ணு கேக்கணுங்க. செவந்திக்குப் புள்ள போனப்ப, வெளக்குக்கு எண்ண ஊத்தி, முட்டி போட்டு அம்மனக் கும்புட்டாளே... எப்படிங்க அவளுக்கு மனசு வந்துச்சு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எந்தச் செவந்தி அம்மா? நம்ம செவந்தியா? அவள் கும்பிடவில்லையே. விளக்கை உடைத்துவிட்டுத்தானே வந்தாள்? நான் அப்படித்தான் எழுதினேன்."

கூட வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு யார் படித்துச் சொன்னார்கள்?" என்று கேட்டார். வெங்கடம்மா திரும்பிக் கூட்டத்தில் தேடி, லூர்தம்மாளை ஒரு பார்வை பார்த்தாள்.

மற்றவர்கள் முன்னால் போக, லூர்தம்மாள் தனியாகப் பின்னால் கொட்டகைக்குத் திரும்பினாள். எல்லாம் போயிற்று என்று லூர்தம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. இனி வியாழக்கிழமை கிடையாது, கூடையில் விழும் கைப் புளியும் கிடையாது. அதுகூடப் போகட்டும். பொய் படித்தவள் என்ற பேரோடு இந்தப் பன்னிரண்டு முகத்தின் நடுவில் எப்படி உட்காருவது? அண்ணி வீட்டில்தான் பேச ஆளில்லை என்றால், இங்கேயுமா?

வெங்கடம்மா பிஸ்கட் டப்பாவைத் தானே எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள்.

"அந்த வாரத்தைப் படிக்கா. எழுதியிருக்கறத மட்டும் படி."

லூர்தம்மாள் படித்தாள். புளி பட்டு ஒட்டிக்கொண்டிருந்த தாளைப் பிரித்து, விளக்கு உடைந்ததைப் படித்தாள். கல்லுதான்டி என்பதைப் படித்தாள். செவந்தி தூங்கியதையும் படித்துவிட்டு நிமிர்ந்தபோது வெங்கடம்மா அழுதுகொண்டிருந்தாள். இத்தனை நாளில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

"எம் பையன் போன அன்னிக்கு நானும் இதத்தான்க்கா செஞ்சேன். சாமி படத்த எடுத்துட்டுப் போயி எருக்குழில போட்டேன். யாருகிட்டயும் சொல்லல. நீ அன்னிக்குப் படிச்சியே, சாமி இல்லேங்கிறவன் கதையில வர்றவளே புள்ளயப் பறிகுடுத்துட்டுக் கும்புடறா, நான் எப்பேர்ப்பட்ட பாவின்னு ஆயிருச்சு. மிச்சம் இருக்கற பொண்ணையும் சாமி எடுத்துக்கும்னு பயந்து பயந்து, நாலு மாசமா வெள்ளிக்கிழம பட்டினி கெடக்குறேன். அந்த மனுசன் எனக்குன்னு எழுதி வச்சிருந்தத நீ எதுக்குக்கா மறைச்சே?"

லூர்தம்மாளிடம் பதில் இருந்தது. அதை அவள் பஸ்ஸில் வைத்தே மடித்து மூடியிருந்தாள். யேசுராஜைப் புதைத்துவிட்டு வந்த அன்று, அவனுடைய ஜெபமாலையைச் சுரங்கத்து மண்மேட்டில் வீசி எறிந்தவள் அவள். எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் அதைச் சொன்னதில்லை. செவந்தி முட்டி போட வேண்டும் என்று ஆசைப்பட்டது வெங்கடம்மாவுக்காக அல்ல.

"எனக்கே பயமா இருந்துச்சு, வெங்கடம்மா," என்றாள்.

வெங்கடம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பசிக்குது. உன் தூக்குல என்ன இருக்கு?"

"களி. கருவாட்டுக் குழம்பு."

"குடு."

வெள்ளிக்கிழமை, நட்ட நடுப்பகலில், எல்லோரும் பார்க்க அவள் கருவாட்டுக் குழம்பில் களியைத் தோய்த்து விழுங்கினாள். ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை. லூர்தம்மாளுக்கு அன்று பட்டினி. அது பரிகாரத்தில் சேருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சட்டியைக் கழுவிக் கொடுக்கும்போது வெங்கடம்மா சொன்னாள்: "வர்ற வியாழக்கிழம எழுதியிருக்கறதப் படி. புடிக்கலன்னா, புடிக்கலன்னு சொல்லிட்டுப் படி."

அடுத்த வியாழக்கிழமை கதையில் ஒரு கன்னியாஸ்திரீ வந்தாள். அவள் கும்பிடுகிற மாதாவைப் பற்றித் தணலரசன் ஒரு வரி எழுதியிருந்தார். சேலத்து மேடையில் பேசியதாக ஆஞ்சப்பன் சொன்ன அதே வரி. லூர்தம்மாள் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள். பன்னிரண்டு பேரும் நாரை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். அவள் அதை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். படித்துவிட்டு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது எனக்குப் பிடிக்கல," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"சரிக்கா," என்றாள் வெங்கடம்மா. "மேல படி."