ஒரு கால் குறைந்த நண்டு

தம்பி கடலுக்குப் போகத் தொடங்கிய வருடம் அம்மா என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவனுடைய உடம்பில் நான் பச்சை குத்த வேண்டும், அதுவும் வேறு எவனிடமும் இல்லாத படமாக இருக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள்.

ஏன் என்று வாயால் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? அதற்கு முந்திய வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் கரையில் ஒரு சடலம் ஒதுங்கியது. முகம் இல்லை. கையில் பச்சை குத்திய வேல் மட்டும் இருந்தது. எங்கள் ஊரில் பாதி ஆண்பிள்ளைகளின் கையில் வேல்தான். ஊசியோடு வருகிற குறத்திக்கு அதைவிட்டால் வேறு படம் வராது. இரண்டு வீட்டுக்காரர் எங்கள் பிள்ளை, எங்கள் பிள்ளை என்று கடற்கரையிலேயே அடித்துக்கொண்டார்கள். ஒரு வீடு கொண்டுபோய் எரித்தது. மற்ற வீடு உடலில்லாமலே எட்டுச் செலவுச் சடங்கை நடத்தியது. அம்மா இரண்டுக்கும் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஆகவே அவள் கேட்டது அலங்காரம் அல்ல. உயிரோடு திரிகிறவனின் முதுகில் அவனுடைய பிணத்துக்கு அடையாளம் போடச் சொன்னாள். நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு ஏலாது. நான் என்ன குறத்தியே?"

"உடுவில் பள்ளிக்கூடத்திலை படிச்சு, சேலைக்குப் பூப்போடப் பழகினனிதானே? தோலிலை போட ஏலாதோ?"

நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து வரைந்து காட்டினேன். மயில் பெட்டைப் பிள்ளையளுக்காம். தாமரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நங்கூரத்துக்கு, "கப்பலுக்குப் போறவங்கள் எல்லாரிட்டையும் உதுதான் கிடக்கு" என்றாள். கடைசியில் பென்சிலைத் தூக்கி எறிந்தேன்.

"அப்ப ஒரு கால் இல்லாத நண்டு போடுறன். உலகத்திலை ஒருத்தனுக்கும் இராது!"

நக்கலுக்குத்தான் சொன்னேன். அம்மா பென்சிலைப் பொறுக்கி என் கையில் திணித்தாள். "ஓம், அது நல்லது. அதையே போடு."

பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவளிடம் சிரட்டையில் கொஞ்சம் தாய்ப்பால் வாங்கி, விளக்குக் கரியை அதில் குழைத்தேன். தையல் ஊசிகளைச் சேர்த்து நூலால் கட்டினேன். தம்பி விறாந்தையில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்தான். வலது தோள்பட்டையின் பின்பக்கம் குத்தத் தொடங்கினேன்.

"அக்கா, உது கடிக்குமோ?" என்று அவனுக்கு ஒரே பகிடி.

எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நாலு குத்துக் குத்துவேன், எழும்பிப்போய்த் தண்ணீர் குடிப்பேன், வாசல் படலை வரை போய் நின்றுவிட்டு வருவேன். இரத்தத்தைத் துடைக்கிறபோது தோல் சூடாக இருந்தது. இதே தோலைக் குளிர்ந்து கிடக்கையில் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவும் என்று நினைப்பு ஓடும். பயமாக இருந்தது. பயத்தைக் கோபமாக்கி, "அசையாதை, எருமை!" என்று அவன் தலையில் குட்டினேன். தோளோரப் பக்கத்தில் பின்னங்கால் ஒன்றை விட்டுவிட்டு நண்டை முடித்து, மஞ்சள் பூசினேன்.

அவனுக்குப் படம் நன்றாகப் பிடித்துவிட்டது. வினையே அங்கேதான் வந்தது. கூட்டாளிகள் மூன்று பேரும் கேட்டார்களாம். இவனே கடற்கரை மீன்வாடிக்குள் வைத்து அவர்கள் முதுகிலும் அதே நண்டைக் குத்திவிட்டான். அம்மா அகப்பையோடு அவனை வளவு முழுக்கத் துரத்தினாள்.

"எட மடையா, இனி உன்ரை எண்டு எப்பிடியடா தெரியும்?"

"என்னத்தைத் தெரிய வேணும்?" என்று அவன் ஓடிக்கொண்டே சிரித்தான். கூட்டாளிகள் என்னைக் கண்டால் வேண்டுமென்றே முதுகைத் திருப்பிக் காட்டுவார்கள். நான் ஆத்திரத்தில் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

அடுத்த வாடையில் ஒருநாள் தம்பியும் கூட்டாளிகளும் போன வள்ளங்கள் வரவில்லை. மறுநாள் முழுக்க நான் வீட்டுக்கும் கடற்கரைக்குமாக அலைந்தேன். அதற்கு அடுத்தநாள் காலையில் ஒருவர் படலையில் நின்று, "நண்டு குத்தின பொடியன் ஒண்டு ஒதுங்கிக் கிடக்கு" என்றார்.

அம்மா அவிழ்ந்த கொண்டையோடு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். கூட்டாளிகள் மூன்று பேரின் வீட்டுப் பெண்களும் எங்களுக்கு முன்னமே அங்கே நின்றார்கள். குப்புறக் கிடந்த உடலில் முகம் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. வலது தோள்பட்டையின் பின்பக்கம் அதே நண்டு இருந்தது. அம்மா அப்படியே மணலில் குந்திவிட்டாள். நான்தான் கிட்டப்போய்க் குனிந்தேன்.

நான் விட்ட கால் தோளோரம். இந்த நண்டுக்கு முள்ளந்தண்டுப் பக்கத்தில் கால் குறைந்திருந்தது. இரண்டுதரம் பார்த்தேன். தம்பி தன் முதுகைக் கண்ணாடிக்குக் காட்டித் திரும்பிப் பார்த்திருக்கிறான்; அதில் இடம்வலம் மாறித் தெரிந்ததை அப்படியே மற்றவர்களுக்குக் குத்தியிருக்கிறான். அவன் வேறொரு துறையில் கரைபிடித்த செய்தி பின்னேரம்தான் வந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் இது அவன் இல்லை என்பது மட்டும்.

"அம்மா, எங்கடை இல்லை! எங்கடை இல்லையம்மா!" என்று கத்தினேன்.

அம்மா சிரித்தாள். அடக்கமாட்டாமல், தலையில் அடித்து அடித்துச் சிரித்தாள். அந்தப் பெண்களில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள்.

"அப்ப இது ஆரின்ரை பொடியன், பிள்ளை? நீ கீறின படம்தானே? பார்த்துச் சொல்லு."

மூன்று முதுகிலும் ஒரே மாதிரித்தான் குத்தியிருப்பான். எனக்குத் தெரியாது என்றேன். மற்ற இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓடிப்போய் அம்மாவின் வாயைப் பொத்தினேன். என் வாயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.