பாதி நம்மாளு

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக நீங்களாகக் கண்டுபிடித்து அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போவதில் எனக்கு விருப்பமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு மேனேஜரம்மாவை அழைத்துவரப் புனே விமான நிலையத்துக்குப் போய், தமிழில் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் நான். அக்கம்பக்கத்து டிரைவர்கள் எல்லாம் புத்தியோடு ஆங்கிலத்தில் எழுதிப் பிடித்திருக்க, என் அட்டையில் மட்டும் கொட்டை எழுத்தில் 'முனுசாமி'. மூலையில் மல்லிகைப்பூ ஒன்று வேறு வரைந்திருந்தேன். பூவா, தட்டிய அப்பளமா என்று தெரியாது. அது வேறு விஷயம்.

அவர் திரினிடாட்காரர். கரீபியன் கடலில் கிடக்கிற அந்தத் தீவிலிருந்த ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு, ஹிஞ்சவடியில் இருந்த எங்கள் ஆபீஸ் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது. நாங்கள் எழுதுகிற லட்சணத்தைப் பார்த்த அவர்கள், பக்கத்திலேயே உட்கார்ந்து கண்காணிக்க ஒரு மேனேஜரை ஒரு வருடத்துக்கு அனுப்பிவைத்தார்கள். மின்னஞ்சலில் அவருடைய குடும்பப் பெயர் 'மூன்சாமி' என்று இருந்தது. ஆபீஸில் இருந்த வடக்கத்திப் பையன்கள் சந்திர பகவானோ என்று விவாதித்தார்கள். நான் வேலூர்க்காரன். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு முனுசாமி உண்டு. என் தாய்மாமன் பெயரே முனுசாமி. எந்தக் காலத்திலோ கப்பலேறிய ஒரு முனுசாமியை ஒரு வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான் என்று நொடியில் பிடித்துவிட்டேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "முறைப்படி பாத்தா அந்தம்மா எனக்கு மாமன் மக ஆவுது" என்றேன். "இன்னாங்க, இருக்கிற மாமன் மகளுக்கு மொதல்ல கேஸ் சிலிண்டர் புக் பண்ணுங்க" என்றாள். அந்தத் தாய்மாமன் முனுசாமி அவளுடைய அப்பாதான்.

விமான நிலையத்தில் கூட்டம் கரைந்துகொண்டே போயிற்று. உயரமாக, சுருட்டை முடியைத் துணியால் கட்டிய ஒரு ஆப்பிரிக்கப் பெண்மணி என் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அட்டையை மறைக்கிறார் என்று, கொஞ்சம் தள்ளி உட்காரும்படி நானே கேட்டேன். தள்ளி உட்கார்ந்தார். கடைசியில் நாங்கள் இருவர்தான் மிச்சம். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். சூடு ஆறாமல் என் தமிழில் தருகிறேன்.

"நீங்க யாருக்காக நிக்கிறீங்க?"

"மூன்சாமி."

"அது நான்தான். அட்டையில என்ன எழுதியிருக்கு?"

"உங்க பேர்தான் மேடம். உங்க பாஷையில."

"அது என் பாஷைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

நல்ல ஆரம்பம். காரில் ஏறியதும், விட்டதைப் பிடிக்கிறேன் என்று, முகத்திலேயே நம்மூர்க் களை தெரிகிறதே என்றேன். துளிகூடத் தெரியவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "முகத்துல தெரியறது எங்கம்மா. அவங்க ஆப்பிரிக்க வழி. பேர்ல தெரியறது எங்கப்பா. நான் தோக்லா."

இந்த இடத்தில் தமிழ்க் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்திக்காரர்களுக்கு 'க' நாலு விதம். நமக்கு நாலும் ஒன்றுதான். 'த'வையும் 'ட'வையும்கூட அவர்கள் ஊதி ஊதி நாலு நாலாகப் பிரிப்பார்கள். நாம் குத்துமதிப்பாகக் கேட்டுக்கொள்வோம். புனேயில் இருபது வருடம் இருந்தும் என் காது வேலூரிலேயே தங்கிவிட்ட காது. அவருடைய ஆங்கில நாக்கிலிருந்து வந்தது அதில் டோக்ளா என்று விழுந்தது. அந்தக் குஜராத்திப் பலகாரத்தைத்தான் கேட்கிறார் என்று, "பசிக்குதா மேடம்? வாகட்ல, நான் குடியிருக்கிற காம்ப்ளெக்ஸ் வாசல்லயே சூடா கிடைக்கும்" என்றேன். டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். அவனுக்குக் காது சரியாக இருந்தது. "அண்ணா, மேடம் தன்னைத்தானே திட்டிக்கிறாங்க" என்று என்னிடம் இந்தியில் முணுமுணுத்தான்.

இந்தியில் அது பெரிய வசவு. பிறப்பில் கலப்படம், பேச்சில் இரட்டை நாக்கு, இரண்டையும் ஒரே அடியில் சொல்கிற சொல். நடுரோட்டில் சொன்னால் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பதறிப்போய், இங்கே அதைச் சொல்லாதீர்கள் என்றேன்.

"அங்கேயும் வசவாத்தான் ஆரம்பிச்சுது. அப்பாவோட அக்கா என்னை வாசல்லயே நிறுத்தி வெச்சு சொன்னாங்க. அப்புறம் அந்த வார்த்தையை நானே எடுத்து வெச்சுக்கிட்டேன். இப்ப அது என்னுது."

பிறகு தன் நாட்டின் கணக்கைச் சொன்னார், ஏதோ பழைய வழக்கின் விவரம் சொல்வதுபோல. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம் ஒன்று. அதற்குப் பின்னால் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம் ஒன்று. இரண்டும் ஏறக்குறைய சமம். இரண்டில் எதுவும் பாதியைத் தொடாது. சீனர், சிரியாக்காரர், வெள்ளையர் எல்லாம் ஒரு கைப்பிடி. மிச்சம் இருப்பவர்கள் இவரைப் போன்ற கலப்பு. "தேர்தல் வந்தா ரெண்டு பக்கமும் எங்க மூஞ்சியை உத்து உத்துப் பாப்பாங்க, நீ எந்தப் பக்கம்னு. மத்த நாள்ல ரெண்டு பக்கமும் பாக்காது." இந்தியக் கூட்டத்துக்குள்ளும் அவருடைய அப்பா வீட்டாரை மதராசி என்று ஒரு படி கீழேதான் வைத்திருந்தார்களாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எங்களையும் இங்க அப்படித்தான் சொல்றாங்க மேடம்!" என்று தொடையைத் தட்டினேன்.

"அதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?" என்றார்.

இதோடு நின்றிருந்தால் என் முட்டாள்தனம் வெறும் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் அவருக்கு வீடு பார்த்திருந்ததும் நான்தான். சென்னைக்கு மாறிப்போன என் சகலையின் ஃபிளாட், எங்கள் எதிர்வாசல், காலியாக இருந்தது. அவர் மின்னஞ்சலில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: லிஃப்ட் இருக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மா டிசம்பரில் வந்து இரண்டு மாதம் தங்கப்போகிறார். அம்மாவை விட்டு இவ்வளவு தூரம் வர அவர் ஒப்புக்கொண்டதே அந்த ஏற்பாட்டின் பேரில்தான். எங்கள் காம்ப்ளெக்ஸில் லிஃப்ட் இருந்தது. குடியிருப்போர் கமிட்டிக்கு ஒரு சேர்மனும் இருந்தார். எல்லாரும் அவரைக் காகா என்போம். மராத்தியில் அது சித்தப்பா. தமிழ்க் காதில் அது என்ன பறவை என்று உங்களுக்கே தெரியும். வாடகைக்கு வருகிற எவரும் கிளப் ஹவுஸில் அவர் முன்னால் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் சாவி. நானோ முன்கூட்டியே, மதராசிக் குடும்பம், தயிர் சாதம், சத்தமே இருக்காது என்று அவரிடம் சான்றிதழ் கொடுத்து வைத்திருந்தேன். இருபது வருடமாக எவனாவது மதராசி என்றால் சண்டைக்குப் போகிறவன், அன்றைக்கு வாய் நிறைய அதையே சொல்லியிருந்தேன்.

கிளப் ஹவுஸுக்குள் அவர் நுழைந்ததும் காகாவின் முகம் மூடிக்கொண்டது. "அரே அண்ணா, மதராசின்னு சொன்னே. இது என்ன?" என்றார் என்னிடம். யார் என்றுகூடக் கேட்கவில்லை, என்ன என்றார். மேனேஜரம்மாவுக்கு மராத்தி தெரியாது. ஆனால் நீட்டிய விரலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா?

நான் வாதாடினேன். கேவலமான வாதம். "காகா, அப்பா பக்கம் சுத்த மதராசி. பாதி நம்மாளுதான்" என்றேன். காகா அசையவில்லை. சரி, நகைச்சுவைதான் நமக்குக் கைகொடுக்கும் என்று, "பாதி நம்மாளுக்குப் பாதி வீடாவது குடுங்க. ஹாலும் கிச்சனும் போதும்" என்றேன். கமிட்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது மூளை வேலை செய்யவில்லை. காகா சிரிக்கவில்லை. என்னைக் காட்டி, "தோக்லா நீதான்" என்றார்.

மேனேஜரம்மா நிமிர்ந்தார். அறையில் அவருக்குப் புரிந்த ஒரே சொல் அதுதான்.

"யாரைச் சொன்னாரு?"

"என்னைத்தான் மேடம்."

என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். "நீங்க வெறும் பொய்யர். அந்த வார்த்தை உங்களுக்குக் கிடையாது."

கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிவிட்டு, காகா ஒரு வழி சொன்னார். மற்ற குடியிருப்பவர்களிடம் இந்திய வம்சாவளி என்று மட்டும் சொல்லிக்கொள்ளட்டும். அம்மா வரக் கூடாது. நான் முதல் பாதியைத் தேன் தடவி மொழிபெயர்த்தேன். இரண்டாம் பாதியை விழுங்கப் பார்த்தேன்.

"எங்கம்மா?" என்றார் அவர்.

அப்போது நான் சொன்னதைத்தான் இன்றைக்கும் பல் தேய்க்கும்போது சில சமயம் நினைத்துத் தலையை ஆட்டிக்கொள்கிறேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம். அவங்க வந்தா சமையலுக்கு வந்தவங்கன்னு சொல்லிக்கலாம்."

காகா சொன்னதெல்லாம் அவருக்கு விரலாகவும் முகமாகவும்தான் போய்ச் சேர்ந்தது. இது அவருக்குப் புரிகிற மொழியில், அவருக்காகப் பரிந்து பேச வந்த என் வாயிலிருந்து வந்தது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய், டிரைவரிடம் தானே பேசிக்கொண்டார்.

கசார்வாடியில், ஹைவே ஓரம், கீழே லேத் பட்டறை ஓடுகிற கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவருக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்காரரான பட்டறைக்காரரும் மராத்திக்காரர்தான். தண்ணீர் எப்போது வரும், கதவை எப்படி இழுத்துச் சாத்த வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் பேசவில்லையாம். ஆனால் அங்கே லிஃப்ட் இல்லை. டிசம்பர் வந்தது, அம்மா வரவில்லை. அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. விடுமுறைப் பட்டியல் போடும்போது, "எனக்கு லீவு வேண்டாம். அம்மாவால மாடி ஏற முடியாது" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

ஒரு வருடமும் என்னிடம் வேலை தவிர ஒரு சொல் கிடையாது. நான் எழுதியதில் இருந்த தப்புகளை மட்டும் தனி அக்கறையோடு கண்டுபிடித்தார். ஒரு நாள் ஆபீஸில் அவரவர் வீட்டுச் சமையலைக் கொண்டுவந்தபோது அவர் தட்டையாக ஒன்று செய்துவந்தார். உள்ளே மஞ்சள் பட்டாணிப் பருப்பும் சீரகமும் அரைத்து வைத்தது. நான், "அட, நம்ம போளி! வெல்லம்தான் இல்ல" என்றேன். பக்கத்து மேசை மராத்திப் பெண், புரண்போளி தங்களுடையது என்றாள். பீகார் பையன், இது அசல் தால்பூரி, எங்கள் ஊர்ப் பண்டம் என்று சத்தியம் செய்தான். ஒரு ரொட்டிக்கு மூன்று மாநிலம் அடித்துக்கொண்டது. சுட்டவருக்கு வாகட்டில் ஒரு கதவு திறக்கவில்லை. அவர் பாத்திரத்தை மூடி, "இது எங்கம்மா சொல்லிக் குடுத்தது" என்றார். அவருடைய ஆப்பிரிக்க வழி அம்மா. மற்ற இரண்டு மாநிலமும் தத்தம் மேசைக்குத் திரும்பிவிட்டது. நான் மட்டும் மூடியைத் திறந்து இன்னொன்று எடுத்துக்கொண்டேன். ருசியாக இருந்ததற்கு நான் என்ன செய்ய?

போகிற நாளில் எல்லாருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், காகிதத்தை நகர்த்துகிற மாதிரி.

இது நடந்து சில வருடம் ஆகிறது. காகா மகனோடு நாசிக் போய்விட்டார். காம்ப்ளெக்ஸில் வேறு ஏமாளி கிடைக்காததால் இப்போது சேர்மன் நான்தான். சகலையின் ஃபிளாட் மறுபடி காலி. போன வாரம் ஆபீஸில் ஒரு செய்தி: திரினிடாட் கம்பெனி எங்கள் வேலையின் தரத்தை மறுபடி கண்டுகொண்டிருக்கிறது, அதே மேனேஜரம்மா வருகிறார். என் மனைவி, "வாய வெச்சிக்கினு சும்மா இருங்க" என்றாள். இருக்க முடியுமா? செல்போனை எடுத்தேன். இந்த முறை அட்டையெல்லாம் இல்லை, சுத்தமான ஆங்கிலத்தில் எழுதினேன். எதிர்வாசல் காலியாக இருக்கிறது, லிஃப்ட் புதிது, கமிட்டி மாறிவிட்டது, சேர்மன் நானே. அம்மாவையும் கட்டாயம் அழைத்து வாருங்கள், அம்மாவாகவே வரட்டும். இங்கே உங்களை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை, இது என் பொறுப்பு. அனுப்புகிற நேரத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: காம்ப்ளெக்ஸ் குரூப்பில் அறிமுகம் போட வேண்டும், உங்களை என்னவென்று போடட்டும்?

அவர்கள் ஊரில் அப்போதுதான் விடிந்திருக்கும். பதில் உடனே வந்தது.

"கேட்டுட்டீங்க."