கண்ணாடி பார்த்துப் பேசும் லவுட்ஸ்பீக்கர்

என் பெரியப்பா பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் அவருக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பேர். வைத்தவர்கள் அநியாயமாக எதையும் வைத்துவிடவில்லை. கீழ்த்தளத்து வீட்டில் அவர் "உப்பு எங்கே?" என்று கேட்டால், மூன்றாவது மாடியில் என் அம்மா உப்பை எடுத்து மேசைமேல் வைப்பாள். அவர் பஸ்ஸில் மைக் கெட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறது. அது கெட்டது யாருக்கும் தெரியாது. தலைக்கு மேலே இருக்கிற உள்கண்ணாடியை அண்ணாந்து பார்த்து ஒரு குரல் விடுவார்: "பின்னாடி அவ்வளவு இடம் கிடக்கு, வாசல்லயே குடித்தனம் நடத்தணுமா?" கூட்டம் தானாக உள்ளே நகரும். தொண்டை ஒன்றை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நம்பியிருந்த மனிதர்.

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது ஒரு காலை வேளையில்தான். அவருடைய ரூட்டில், நெடுஞ்சாலை ஓரமாக, பை தைக்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் காது கேளாதவர்கள். அன்றைக்குத் தண்ணீர்க் குழாய் வெடித்து, பஸ்ஸை வேறு பாதையில் திருப்பிவிட்டார்கள். பட்டறைக்குப் போகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள் என்று பெரியப்பா கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார். காது கேட்கிற நான்கைந்து பேர் இறங்கினார்கள். மற்றவர்கள் யாரையோ கிண்டலடித்துக் கைகளால் கதை பேசிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பஸ் புறவழிச் சாலையில் ஏறி எங்கேயோ போய்விட்டது. அவர்களுக்கு அரைநாள் சம்பளம் போயிற்று.

இறங்கும்போது, அவர்களில் ஒருவரான, பட்டறையில் இஸ்திரி போடுகிற அக்கா பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாராம்.

"திட்டியிருந்தா பரவாயில்ல. நானும் திருப்பித் திட்டியிருப்பேன்" என்றார் பெரியப்பா, சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து. மெதுவாகச் சொன்னார். பெரியம்மா பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வாரமே டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற சமுதாயக் கல்லூரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போனது சைகை மொழி படிக்க. பள்ளிக்கூடத்தை விட்டு ரொம்ப நாளானவர்கள் 'படிக்கும் முறை' என்ற வகுப்பையும் எடுத்தாக வேண்டும் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். சரி என்றார். கூடவே 'மக்களைத் திரட்டுதல்' என்று ஒன்று இருக்கிறது, சேர்கிறீர்களா என்று கேட்டாள். அதில் படிக்க என்ன இருக்கிறது, கத்தினால் வரப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டு அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் குடும்பத்தில் படிப்புக்கும் எனக்கும் உள்ள உறவு, தூரத்துச் சொந்தம் மாதிரி. கல்யாணத்தில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம். ஆகவே அரைக் கிழவர் ஒருவர் ஆசைப்பட்டுப் படிப்பதை நான் வேடிக்கை பார்க்கத் தவறவில்லை. படிக்க உட்காரும் முன் போனை மாவு டப்பாவுக்குள் புதைப்பார். வீட்டுப் பொருள் ஒவ்வொன்றிலும் அதற்கான சைகையைப் படமாக வரைந்து அட்டை ஒட்டினார். கதவு, நாற்காலி, தண்ணீர்க் குடம், பெரியம்மாவின் தையல் மெஷின் எல்லாம் நெற்றியில் அட்டையோடு நின்றன. அந்த அட்டைகளை யாரோ இரண்டு தடவை இடம் மாற்றி ஒட்டியதாக ஒரு புகார் உண்டு. என்மேல்தான் சந்தேகம். நிரூபிக்கப்படவில்லை.

படித்ததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் மண்டையில் நிற்கும் என்று 'படிக்கும் முறை' வகுப்பில் சொன்னார்களாம். மாட்டிக்கொண்டது பெரியம்மா. அவள் சீக்கிரமாகப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா நான் சொல்றது உங்க காதுல விழுந்ததே இல்ல, இனிமே கண்ணுலயாவது விழுதான்னு பாக்குறேன்" என்றாள்.

சைகை மொழி வகுப்பில்தான் கதை வேறு மாதிரி போயிற்று. டீச்சரே காது கேளாதவர். அறைக்குள் யாரும் குரல் எழுப்பக் கூடாது என்பது அவருடைய சட்டம். பெரியப்பாவுக்கு முதல் வாரம் முழுக்கத் தொண்டை அரித்தது. அதைக்கூடச் சமாளித்துவிட்டார். அவர் சிக்கிக்கொண்டது வேறொன்றில்.

சைகை மொழியில் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். கண்ணை எடுத்தால் பேச்சு அறுந்துவிடும். பெரியப்பாவோ ஆயுள் முழுக்கப் பயணிகளோடு கண்ணாடி வழியாகப் பேசியவர். கையைத் தூக்கியதும் கண் தன்னால் மேல்மூலைக்குப் போய்விடும். முதல் தடவை அவர் எழுந்து நின்று தன் வேலையைப் பற்றிச் சொன்னபோது, வகுப்பே திரும்பிக் கூரையைப் பார்த்தது. பல்லி ஏதாவது விழப்போகிறதோ என்று ஒருவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். டீச்சர் மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார். அதுவும் போதாதென்று இடது கை எப்போதும் வயிற்றுக்கு முன்னால் காற்றைப் பிடித்துக்கொண்டே நிற்கும். ஸ்டியரிங்கை விட்டால் பஸ் பள்ளத்தில் இறங்கிவிடும் என்று அந்தக் கைக்கு நினைப்பு. எவ்வளவு திருத்தியும் பழக்கம் போகவில்லை.

இப்படி ஒற்றைக் கையும் கூரைக் கண்ணுமாக அவர் தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்கும்போது, பட்டறை ஸ்டாப்பின் கம்பத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த ஸ்டாப்பை எடுக்கப் போகிறார்கள். இனி அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடக்க வேண்டும். அந்த வழியைப் பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரியும். நடைபாதை கிடையாது. வளைவில் லாரிகள் முதுகுக்குப் பின்னால் வரும். ஹாரன் கேட்கிறவர்களே அங்கே சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். கேட்காதவர்கள் என்ன செய்வார்கள்?

மக்களைத் திரட்டும் வகுப்பை நடத்தியவர் ஒல்லியான ஒரு அம்மா. முன்பு சந்தையைப் பெருக்குகிறவர்களைத் திரட்டி, அவர்களுக்கு ஒரு கழிப்பறை கட்டித்தர வைத்தவர். அதிகாரிகள் கூட்டத்துக்குத் தேதி வாங்கியாயிற்று, தானே போய் ஒரு பிடி பிடிக்கிறேன் என்று பெரியப்பா அவரிடம் சொன்னார். யாருக்கு வலிக்கிறதோ அவர்கள்தான் பேச வேண்டும் என்றார் அந்த அம்மா.

"அவங்களால பேச முடியாதேம்மா."

"பேசுறாங்க. உங்களுக்குத்தான் இன்னும் சரியாப் புரியல. முதல்ல போய் உக்காந்து கேளுங்க."

இதை வீட்டில் வந்து சொன்னபோது பெரியப்பாவின் முகம் சுண்டிப் போயிருந்தது. ஆனால் மறுநாள் தன் ஓய்வு நேரத்தில் பட்டறைக்குப் போனார். மதியச் சாப்பாட்டு நேரம். அன்றைக்கு நடந்த தவறுக்கு மன்னிப்புக் கேட்கப் பலநாள் பழகி வைத்திருந்த சைகையைத் தொடங்கினார். கண் மேலே போயிற்று. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இஸ்திரி அக்கா எழுந்து வந்து, பெரியப்பாவின் தாடையைப் பிடித்து, பிள்ளைக்குத் தலை சீவும்போது திருப்புகிற மாதிரி, தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். பிறகு, ம், இப்போது சொல் என்றார். பெரியப்பாவை அப்படித் தாடையைப் பிடித்துத் திருப்பிய ஆளை எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பார்த்ததில்லை. பெரியம்மாவுக்கு அந்த அக்காவை அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

தினமும் போனார். அவர் கேட்டார், அவர்கள் சொன்னார்கள். கூட்டத்தில் யார் பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். இஸ்திரி அக்காதான். கல்லூரியிலிருந்து குரல் கொடுக்க ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதும், எல்லோரையும் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் பெரியப்பாவின் வேலை. அப்புறம் இன்னொரு வேலை: வாயைத் திறக்காமல் இருப்பது. அதை அக்கா இரண்டு தடவை சொன்னாராம், இரண்டாவது தடவை ரொம்பப் பெரிய சைகையில்.

கூட்டத்துக்கு நானும் பெரியம்மாவும் போயிருந்தோம். அதிகாரி கெட்டவர் இல்லை. களைத்துப்போன மனிதர். இஸ்திரி அக்கா அந்த வளைவைப் பற்றிச் சொன்னார். முதுகுக்குப் பின்னால் வருகிற லாரி தரையை அதிர வைக்கும்போது அது எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டிருக்கும் என்பதைக் கைகளால் காட்டினார். மொழிபெயர்க்கும் பெண் அதைக் குரலில் சொன்னாள். அதிகாரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துச் சொன்னார்: "அறிவிப்பு ஒட்டி இவ்வளவு நாளாச்சு. ஒரு புகார்கூட வரலயே?"

பெரியப்பா எழுந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஜன்னல் கண்ணாடி தாங்குமா என்றுதான் நான் யோசித்தேன். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

இஸ்திரி அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்தபடியே, பின்பக்கமாக உள்ளங்கையை மட்டும் நீட்டினார். பெரியப்பா அந்தக் கையைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு மூடியது. உட்கார்ந்தார்.

புகாரை எங்கே சொல்ல வேண்டும் என்று அக்கா கேட்டார்.

"அறிவிப்புலயே போன் நம்பர் போட்டிருக்குமே" என்றார் அதிகாரி.

அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பின்வரிசைகளில் இருந்த பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவும்தான். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். வளைவில் நடைபாதை போடும்வரை ஸ்டாப் அங்கேயே இருக்கும் என்றார். புகாரை எழுத்தில் அனுப்ப ஒரு நம்பரும் வரும் என்றார்.

காது கேளாதவர்கள் கை தட்டுவதில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை விரித்து ஆட்டுவார்கள். அந்த அறை முழுக்கக் கைகள் எழுந்தன. பெரியப்பாவின் கைகளும் எழுந்தன. இரண்டுமே. ஸ்டியரிங்கை அன்றைக்குத்தான் விட்டார். கண் கூரைக்குப் போகவில்லை. நனைந்திருந்ததோ என்னவோ, நான் சரியாகப் பார்க்கவில்லை. என் கண்ணிலும் ஏதோ தூசு.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடம் போனேன். அதுவே ஒரு செய்தி. பெரியப்பாவின் பஸ்ஸில்தான் போனேன். இஸ்திரி அக்கா ஏறியதும் அவருக்கு முன்னால் நின்று ஒரு சைகை காட்டினார்: இடது கை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறது, கண் மேல்மூலைக்குப் போகிறது. பின்னால் ஏறிய ஒவ்வொருவரும் அதையே காட்டிவிட்டுப் போனார்கள். கிண்டல் என்று நினைத்து நானும் சிரித்தேன். அப்புறம்தான் தெரிந்தது. பழகின ஆளுக்குத்தான் அவர்கள் அப்படிச் சைகையில் பேர் வைப்பார்களாம். பெரியப்பா அன்றைக்குப் பூராவும் யார் எங்கே இறக்கிவிடச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

போன மாதம் மறுபடியும் பாதை மாறியது. பெரியப்பா பஸ்ஸை ஓரம்கட்டி, ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இருக்கையிலிருந்து எழுந்து, பின்பக்கமாகத் திரும்பி நின்றார். கண்ணாடி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இரண்டு கையாலும் நிதானமாகச் சொன்னார். பட்டறைக்காரர்கள் எழுந்து இறங்கினார்கள்.

அதற்கப்புறம்தான் மிச்சம் இருந்த எங்களுக்காகக் கத்தினார்.