வீரையாவுக்கு ஒரு நோவும் இல்லை

இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் செழித்த காலத்தில், பன்வில மலையில், நோயே அண்டாத மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் வீரையா. கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "நல்லா இருக்கேனுங்க."

கேட்டவர்கள் என்றால், கோட்டுப் போட்டவர்கள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது நோவென்று சொன்னவனுக்கு அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாதவனுக்கு அரிசி இல்லை. ஆயுள் முழுக்க இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் வேறென்ன சொல்வார்?

மகள் அங்கம்மாவுக்கு அப்பாவை விட்டால் நாதியில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் நேரம் போக, அவரை உயிரோடு வைத்திருப்பதே அவள் வேலை.

கண்டியிலிருந்து குதிரையில் வரும் டாக்டர் பொன்னுத்துரை யாழ்ப்பாணத்தவர். கறுப்புக் கோட்டு, தொப்பி, சப்பாத்து. மலையட்டைகளாலும் அவரை அந்த உடுப்பிலிருந்து பிரிக்க முடியவில்லை. அவரைக் கண்டதும் வீரையா தலைப்பாகை கட்டி, வாசலில் நிமிர்ந்து நின்று சலாம் போட்டார்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கேனுங்க."

"பொய்யிங்க ஐயா! படுக்கவே முடியல" என்றாள் அங்கம்மா.

"சும்மா கெட, கழுத!"

டாக்டர் பேதி மருந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் சுகமாக இருப்பவர்களுக்கும் பேதி மருந்து உண்டு. அடுத்த முறையும் அதே சலாம், அதே மருந்து. போகும்போது, "வருத்தமில்லாத மனுசனைக் காட்டி என்ரை நேரத்தை வீணாக்காதை, பிள்ளை" என்றார்.

அதற்கடுத்த முறை அங்கம்மா பாதை வளைவிலேயே குதிரையை மறித்தாள்.

"ஐயா, கோட்டு, தொப்பி, சப்பாத்து எல்லாத்தையும் இங்கயே கழட்டிட்டு வாங்க. வேட்டி கொண்டாந்திருக்கேன்."

"உனக்கென்ன விசரோ?"

"கோட்டுக்காரங்ககிட்ட அவரு நெசம் பேசமாட்டாருங்க. சாகுற வரைக்கும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாரு. அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

அந்தக் கோட்டு இல்லாவிட்டால் தோட்டத்துத் துரை தமக்கு உட்காரக் கதிரை காட்டமாட்டார் என்பது பொன்னுத்துரைக்குத் தெரியும். பாதையில் யாரும் வருகிறார்களா என்று பார்த்தபடி குதிரையை விட்டு இறங்கினார். பிறகு வேட்டியை வாங்கிக்கொண்டு கோப்பிச் செடிகளுக்குப் பின்னால் போனார்.

"யாழ்ப்பாணத்துப் போயிலைக்காரரு, அப்பா" என்று வேட்டி கட்டியவரை வீட்டுக்குள் கூட்டிவந்தாள் அங்கம்மா.

"உக்காருங்க தம்பி. இந்தக் காலப் பாருங்க, அமுக்குனா குழி விழுது. படுத்தா நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்தாப்ல இருக்கு."

"டாக்டரிட்டைச் சொல்லேல்லையோ?"

"அந்தாளா? பேதிக்குக் குடுக்கத்தான் தெரியும் போல."

டாக்டர் சிரிக்கவில்லை. காலை அமுக்கிப் பார்த்தார். மார்பில் காதை வைத்தார்.

"போயிலைக்காரரு எதுக்கு நெஞ்சுல காது வைக்கிறாரு?"

"அது அவுங்க ஊர்ப் பழக்கம்பா."

வெளியே வந்ததும், "நெஞ்சுதான் பழுது" என்றார் டாக்டர். "உப்பைக் குறை. மருந்து அனுப்புறன். மம்பட்டி வேலைக்கு விடக்கூடாது. அரிசியை நிப்பாட்டாமல் இருக்கத் துரையிட்டை நான் கதைக்கிறன்."

மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டு துரையிடம் போய்ச் சொன்னபடியே பேசினார். மருந்தும் வந்தது. அதன்பிறகு எப்போது வந்தாலும் முதல் கேள்வி மகளிடம்தான்: "பிள்ளை, அப்பா படுத்து நித்திரை கொண்டவரோ?" அதற்குப் பிறகே, மரியாதைக்காக, வீரையாவின் சலாமை வாங்கிக்கொள்வார்.

அந்த வருஷத்து மழைக்காலம் முடிவதற்குள் வீரையா காலை நீட்டிப் படுத்தார். ஒரே சுவரைப் பங்குபோடும் பக்கத்துக் காம்பராக்காரி, அவர் குறட்டையில் தன் வீட்டில் ஒருவரும் கண்மூடவில்லை என்று சண்டைக்கு வந்தாள். அங்கம்மா அவளை உட்காரவைத்து, வெற்றிலை மடித்துக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் திட்டச் சொன்னாள்.