தோல் குறையாத பெட்டி

மூன்றாவது மாடியில் இருப்பவளை அத்தை என்று கூப்பிட உறவுமுறைப்படி உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர், அவள் தம்பியின் இரண்டு பெண்கள். ஆனால் அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்குமே அவள் அத்தைதான். முதுகுக்குப் பின்னால் 'புழு அத்தை'. அது அவள் காதில் விழாமல் இல்லை. பேய் அத்தை என்று சொல்லாமல் விட்டார்களே, அந்த மட்டும் சந்தோஷம் என்று தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்பக்கம் பளபளவென்று அலமாரிகளும், டை கட்டிக்கொண்டு நைச்சியமாகப் பேசும் பையன்களும் இருப்பார்கள். பின்னால் ஜன்னல் இல்லாத அறையில் அவளும் லென்ஸ் தேய்க்கும் இயந்திரமும் இருப்பார்கள். வட்ட லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். மயிரிழை கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் கழன்று விழும். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் அந்த இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பாடு.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒழுங்கான பதில் கிடையாது. அம்மா சீக்கிரமே போய்விட்டாள். பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். தம்பிக்குப் படிப்பு, அப்புறம் வேலை, அப்புறம் பெண் பார்த்தது, எல்லாம் அவள் முன்னின்று நடத்தியதுதான். திரும்பிப் பார்த்தால் வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது, அப்பாவும் இல்லை. அவருக்காக வாங்கிய டிவி கூடத்தில் அப்படியே இருந்தது. அவர் போன பிறகு அதை அவள் ஒரு நாளும் போட்டதில்லை. யாரும் பார்க்காத வீட்டில் யாருக்காகப் போடுவது?

அவளுக்குத் தனிமை பிடிக்கவில்லை. 'நிம்மதியா இருக்கேன்' என்று ஊர் வாயை அடைப்பதற்காகச் சொல்வாளே தவிர, சாயங்காலம் பூட்டைத் திறப்பதற்கு முன் வாசலில் சாவியோடு கொஞ்ச நேரம் நின்றுவிடுவாள்.

புழுக்கள் வந்த கதை தனி. தம்பியின் மூத்தவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அறிவியல் கண்காட்சிக்கு மண்புழு உரம் செய்கிறேன் என்று கிளம்பினாள். தம்பி பெண்டாட்டி, "புழு உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இருவரில் யார் இல்லாமல் வீடு நடக்கும் என்று தம்பி யோசித்துப் பார்த்திருப்பான். பெட்டி அக்கா வீட்டுக்கு வந்தது.

பக்கவாட்டில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே கிழித்து நனைத்துப் பிழிந்த செய்தித்தாள், கொஞ்சம் மண், சிவப்புச் சிவப்பாக நெளியும் ஒரு கைப்பிடி உயிர்கள். முதல் வாரம் அத்தை கையுறை போட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் வெறுங்கை. மூத்தவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள், சிரித்தாள், அத்தை செய்ததையெல்லாம் தின்றாள். கண்காட்சி முடிந்தது. மதிப்பெண் வந்தது. பெட்டி அத்தையிடம் தங்கிவிட்டது, மூத்தவள் வருவது நின்றுவிட்டது. அவள்மேல் தப்பில்லை, அந்த வயசு அப்படி. இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். மாசத்தில் ஒருநாள் போன் செய்து, "அத்தை, புழுவெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

அத்தை புழுக்களை விடவில்லை. டீத்தூள், முட்டை ஓடு, ஆப்பிள் தோல் எல்லாம் பொடியாக நறுக்கிப் போடுவாள். எலுமிச்சையும் வெங்காயமும் ஆகாது. கட்டிடத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடக் கண்காட்சி வரும்போது புழு கேட்டுப் பாட்டிலோடு வந்து நிற்பார்கள். "உள்ள வாங்கடா" என்பாள். "இல்ல அத்தை, அம்மா தேடுவாங்க" என்று வாசலிலேயே வாங்கிக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கிவிடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் தம்பியின் சின்னவள் வந்து சேர்ந்தாள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஜட்ஜம்மா. மூன்று வயதிலேயே, "நேத்து வேற மாதிரி சொன்னீங்களே" என்று அப்பாவைக் கூண்டில் ஏற்றியவள்.

"அத்தை, ஸ்கூல் கண்காட்சிக்கு, ஒரு குவியல் வாழைப்பழத் தோலைப் புழு எவ்வளவு நாள்ல தின்னு முடிக்குதுன்னு பாக்கப் போறேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து மிச்சத்த எடை போடுவேன். தோல் மொத்தமா காலியாச்சுன்னா ஆராய்ச்சி முடிஞ்சுது. நடுவுல நீங்க வேற எதுவும் போடக் கூடாது. சரியா?"

"சரிங்க ஜட்ஜம்மா."

"சிரிக்காதீங்க. இது சீரியஸ்."

ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்தன. அத்தை சனிக்கிழமையே தரையைத் துடைத்தாள். சின்னவளுக்குப் பிடித்த மாதிரி ரொட்டியின் ஓரத்தை வெட்டி, வெண்ணெய் தடவி வைத்தாள். அவளோ வந்ததும் வராததுமாகச் சமையல்கட்டுத் தராசை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். கரண்டியால் மிச்சத் தோலைத் தனியே எடுப்பாள், ஒட்டியிருக்கும் புழுவை மெதுவாகத் தட்டி விடுவாள், எடை போட்டுத் திரும்ப உள்ளே வைப்பாள். இடையிடையே ஆயிரம் கேள்வி. புழு தூங்குமா? அதுக்கு அண்ணன் தம்பி தெரியுமா? உங்களுக்கு ஏன் ஃப்ரெண்டே இல்ல? கடைசிக் கேள்விக்கு அத்தை இன்னொரு ரொட்டியை நீட்டினாள்.

வாரத்துக்கு வாரம் தோல் குறைந்தது. சின்னவளுக்கு ஒரே கொண்டாட்டம். அத்தைக்கு அப்படி இல்லை. ஒரு புதன்கிழமை மூடியைத் திறந்து பார்த்தாள். மூலையில் கறுப்பாக ஒரு பிடிதான் மிச்சம். இன்னும் ஒரு ஞாயிறு, மிஞ்சிப்போனால் இரண்டு. அப்புறம் இவளும் போன் செய்து புழு சௌக்கியமா என்று கேட்பாள்.

அவள் செய்தது சுத்தமான களவாணித்தனம். அதை வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக முடியாது. சாப்பிட்ட பழத்தின் தோலை நறுக்கி, அடுப்புக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தில் மூடி வைத்தாள். பச்சையாகப் போட்டால் ஜட்ஜம்மா கண்டுபிடித்துவிடுவாள் அல்லவா? கறுத்து, நைந்து, பெட்டியில் இருப்பதைப் போலவே ஆனதும் எடுத்து உள்ளே கலந்துவிட்டாள். லென்ஸ் தேய்க்கிற கை, அளவு சொல்லித் தர வேண்டுமா? ஆனால் ஆசை கையை மிஞ்சிவிட்டது.

"அத்தை! போன வாரத்த விட ஜாஸ்தியா இருக்கு!"

"ஈரம் ஏறியிருக்கும்டா."

சின்னவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அத்தை ரொட்டி எடுக்க உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும். தோல் குறையவே இல்லை. தின்ன முடியாத அளவுக்குச் சேர்ந்ததில் பெட்டி புளித்து நாற ஆரம்பித்தது. குட்டிக் குட்டி ஈக்கள் பறந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் மூடியைத் திறந்தபோது புழுக்கள் பாதி, மூடியின் உட்புறத்தில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியே போக வழி தேடிக்கொண்டிருந்தன.

சின்னவளின் கண் நிறைந்துவிட்டது. "இதுங்களுக்கு இங்க ஒத்துக்கல அத்தை. செத்துப் போயிடும். நான் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறேன். மிஸ் வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

'நான்தான்டா' என்று சொல்வதற்குப் பதிலாகப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். பெட்டி லிஃப்டில் இறங்கிப் போனது. அது இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக, வெளுப்பாக இருந்தது. தன் வினையைத் தானே தேடிக்கொண்டோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது, அதனால் அழுவதற்குக்கூட முகம் இல்லை.

கண்காட்சிக்கு அழைப்பு தம்பி மூலமாக வந்தது. கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட உடுப்பில் போனாள். பள்ளிக்கூட ஹாலில் மேஜை மேஜையாகப் பிள்ளைகள். எரிமலை ஒன்று சோப்பு நுரை கக்கிக்கொண்டிருந்தது. ஓரத்து மேஜையில் அந்தப் பெட்டி. பின்னால் பெரிய அட்டை. ஜட்ஜம்மா, மதிப்பெண் போட வந்த டீச்சரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அத்தை வீட்டுல வாரக்கணக்கா தோல் குறையவே இல்ல. பழசெல்லாம் எடுத்துட்டு எங்க கிளாஸ்ல வெச்சதும் அதே அளவு தோல மடமடன்னு தின்னுடுச்சு. அதே புழு, அதே பெட்டி. அப்ப வீடுதான் வித்தியாசம்."

"வீட்டுல என்னம்மா வித்தியாசம்?"

"அத்தை வீட்டுல யாருமே இல்ல மிஸ். சத்தமே இருக்காது. டிவி கூட போட மாட்டாங்க. எங்க கிளாஸ்ல ஒரே கூச்சல். சத்தம் இருந்தாதான் புழுவுக்குப் பசிக்குதுன்னு கண்டுபிடிச்சிருக்கேன்."

"புழுவுக்குக் காது கிடையாதே!"

"காது இல்ல, ஆனா அதிர்வு தெரியும். நான் படிச்சேன்."

டீச்சர் புருவத்தை உயர்த்தி, சிரித்து, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தாள். அத்தை அட்டையைப் பார்த்தாள். கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'காரணம்: சத்தம் இல்லாத வீடு.'

புழுகூடச் சாப்பிடாத வீடு. நாலு பேர் நின்று படித்துவிட்டுப் போனார்கள். அவமானம் ஒரு பக்கம் கிடக்கட்டும், இந்தப் பெண் இதை நிஜம் என்று நம்பிக்கொண்டு வளர்ந்துவிடுவாளே என்பதுதான் அவளைக் குத்தியது. கிட்டப் போய்க் குனிந்தாள்.

"நான்தான் தோல் போட்டேன்."

"என்னது?"

"வாரா வாரம். உனக்குத் தெரியாம. புழு ஒழுங்காத்தான் தின்னுச்சு. நான்தான் மேல மேல போட்டேன்."

சின்னவள் மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"இப்ப வேண்டாம்டா. பரிசு குடுத்து முடியட்டும், அப்புறமா மாத்திக்கலாம்."

"தப்பான ரிசல்ட்டுக்கு எதுக்குப் பரிசு?"

'சத்தம் இல்லாத வீடு' என்பதைக் கோடு போட்டு அடித்தாள். அதன் கீழே எழுதினாள்: 'காரணம்: அத்தை தோல் போட்டார்.' இத்தனைக்குப் பிறகும் 'போட்டாள்' என்று எழுதாமல் மரியாதை கொடுத்ததே அத்தைக்கு அடி மாதிரி இருந்தது.

"எதுக்குப் போட்டீங்க? அதையும் எழுதணும்."

எரிமலையைச் சுற்றிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அத்தை அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"தோல் தீந்துட்டா நீ வரமாட்டியேன்னு."

சின்னவளின் பேனா அட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்ட இடத்தில் மை ஊறிப் பொட்டு ஒன்று பெரிதாகிக்கொண்டே போனது. அவள் எழுதவில்லை. பேனாவை மூடினாள். அத்தையைப் பார்க்காமல் பெட்டியைச் சரியாக நகர்த்தி வைத்துவிட்டு, டீச்சரைத் தேடிப் போனாள். பரிசு எரிமலைக்குப் போயிற்று.

திங்கட்கிழமை சாயங்காலம் தம்பி பெட்டியோடு வந்து நின்றான்.

"அக்கா, ஸ்கூல்ல எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்குத்தான் வழியில்லையே. முதல்லேர்ந்து திரும்பச் செய்யணுமாம் நம்ம ஜட்ஜம்மாவுக்கு. தோலும் அவளே போட்டுக் குடுத்திருக்கா."

"அவ வரலையா?"

"கார்லதான் இருக்கா. எறங்க மாட்டேன்னுட்டா. கோவம்."

"ஒரு டீ குடிச்சுட்டுப் போடா."

"வண்டிய நடு ரோட்டுல நிறுத்தியிருக்கேங்க்கா. வரேன்."

பெட்டியை அதன் சதுரத்தில் வைத்த பிறகுதான் கவனித்தாள். மூடியைச் சுற்றி அகலமான ஒட்டு நாடா. காற்றோட்டத்துக்கான ஓட்டைகளை மட்டும் விட்டுவிட்டு, நாலு பக்கமும். ஒவ்வொரு பக்கத்திலும் நாடாவின் மேலும் பெட்டியின் மேலும் படுகிற மாதிரி ஜட்ஜம்மாவின் கையெழுத்து. வாக்குப்பெட்டிக்குக்கூட இவ்வளவு பந்தோபஸ்து இருக்காது. நடுவில், 'ஞாயிறு நான் வந்து பிரிப்பேன். யாரும் தொடக் கூடாது' என்று ஒரு வரி.

அத்தை அதைப் பலமுறை படித்தாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாழைப்பழம் தின்றாள். பழக்க தோஷத்தில் தோலோடு பெட்டியிடம் வந்து நின்றுவிட்டாள். கையில் தோல், எதிரே கையெழுத்து. அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவே பயமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு ஏறி வந்தாள்.

கூடத்தில் நாற்காலியைப் பெட்டியிடமிருந்து கொஞ்சம் தள்ளியே போட்டுக்கொண்டாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு எழுந்து போய் டிவியின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்து, ஸ்விட்சைப் போட்டாள். யாரோ எதற்கோ சிரித்தார்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். புழுவுக்கு அது தேவையில்லை என்று உலகத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை வரை அவள் வீட்டில் இருந்த நேரமெல்லாம் டிவி ஓடிக்கொண்டே இருந்தது.