“வேண்டாமுங்க” பழக்கும் இளவேனில்

“நான் உங்க சம்பந்தின்னு வெச்சுக்கங்க. இந்தாங்க, ஒரு பீடி பத்த வையுங்க” என்று சாக்பீஸ் துண்டை நீட்டுகிறார் இளவேனில். எதிரே இருக்கும் சுப்பண்ணன் நெளிகிறார். கை மட்டும் தானாக நீள்கிறது. “சம்பந்தி குடுக்கறதை எப்படிங்க அம்மணி வேண்டாங்கறது? கோவிச்சுக்க மாட்டாங்களா?”

இந்தப் பக்கத்து மனிதர்களின் மரியாதை அப்படி. பாடுபட்டுப் பீடியை விட்டவரும் ஒரு கல்யாண வீட்டில் கவிழ்ந்துவிடுவார். ஆகவே தாராபுரத்து அரசு ஆஸ்பத்திரியில், புகையிலையை விட வருகிறவர்களுக்கான அறையில், யார் மனமும் நோகாமல் “வேண்டாமுங்க” சொல்லப் பழக்கிய பிறகுதான் ஆலோசகர் இளவேனில் மாத்திரையையே எடுத்துக் கொடுப்பார். அவருக்குத் திட்டத் தெரியாது. மடியிலிருக்கும் புகையிலைப் பொட்டலத்தைப் பிடுங்கும்போதும் “குடுத்துருங்க கண்ணு” என்பார்.

போன மாதம் கோவையிலிருந்து கணக்கு அதிகாரி ஒருவர் வந்தார். இந்த அறைக்குப் பணம் ஒதுக்குவதை நிறுத்திவிடலாமா என்று பார்க்க வந்தவர்.

“பீடியை விடறது அவங்கவங்க பாடு. அரசாங்கம் எதுக்கும்மா செலவு பண்ணோணும்?”

எங்கிருந்துதான் வந்ததோ இளவேனிலுக்கு அந்த வாய்!

“சார், தோட்டத்து மோட்டார் உறுமறப்பவே பார்த்தா பேரிங் செலவோட போயிருமுங்க. கருகட்டும்னு உட்டா மோட்டாரே போயிருமுங்க. வாய்ப்புண்ணோட வாரவரை நான் பேசியே திருப்பிப்போடுவேன். அவரே புத்துநோயாகித் தாடையை எடுக்கோணும்னு வந்து நின்னா, ஆபரேசனுக்கும் கதிர்வீச்சுக் கரண்டு வெக்கறதுக்கும் காப்பீட்டுல கட்டறது நீங்கதானுங்களே? அவரு படுத்துட்டா ஊட்டுக்காரம்மாவுக்கு உதவித்தொகை?”

“பீடி, சிகரெட்டுல வரியும் வருதில்ல?”

“வருதுங்க. ஒரு கையில வாங்கி ரெண்டு கையில குடுக்கறீங்களே சார்.”

அதிகாரி சிரிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். வாயைக் கொடுத்து அறைக்கே உலை வைத்துவிட்டோமே என்று இளவேனிலுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அறையை மூடிவிட்டால் பாதியில் நிற்கிறவர்கள் எங்கே போவார்கள்?

இன்று காலை கோவையிலிருந்து போன் வந்தது. அறை தொடரும், பணம் ஒதுக்கியாயிற்று. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவர், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் சுப்பண்ணனைக் கூப்பிட்டார்.

பயிற்சி முடிந்து சுப்பண்ணன் எழுகிறார். “மறுக்கா எப்பங்க அம்மணி வாரது?”

இதே கேள்விக்கு இந்த ஒரு மாதமாக, “சொல்லியனுப்பறனுங்க” என்று மழுப்பி வந்தவர் இளவேனில். இன்று சுப்பண்ணன் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் அடுத்த மாதத்துத் தேதியைப் பேனாவால் அழுத்தி எழுதுகிறார்.