அன்னபாக்கியம் வராத ஊர்

கொன்றையடிக்குளக் குடியேற்றத்தில் ஊர் பெருமைப்பட மூன்று இடங்கள் உண்டு: வீதியோரக் கிணறு, பாலைமரத்தடிப் பிள்ளையார், பஸ் நிற்கிற சந்தி. மூன்றும் அன்னபாக்கியத்தின் பேரால் வந்தவை. அவர் அந்த ஊரில் ஒருநாளும் காலடி வைத்ததில்லை.

வைத்தவர் அவருடைய கணவர் முருகுப்பிள்ளை. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து மூன்றில், கைதடியில் இருந்து மண்வெட்டியும் காட்டுக்கத்தியும் ஒரு மூட்டை அரிசியும் இரண்டு தலையணைகளுமாக லொறியில் வந்து இறங்கினார். ஒற்றை ஆளுக்கு இரண்டாவது தலையணை எதற்கென்று லொறிக்காரன் கேட்டான்.

"அவா பின்னால வருவா" என்றார்.

அரசாங்கம் வயல் கொடுத்தது, மேட்டுக்காணி கொடுத்தது, ஓடு போட்ட வீடும் கொடுத்தது. மனைவியைக் கொண்டுவருவது மட்டும் அவரவர் பொறுப்பு.

அறுவடைக்கு அறுவடை நெல் ஏற்ற லொறியோடு வருவார் அன்னபாக்கியத்தின் தமையன் ஐயாத்துரை. தங்கையின் சொல்லும் அந்த லொறியிலேதான் வரும். முதலாவது வருடம் வந்த சொல் தண்ணீரைப் பற்றியது.

"வாய்க்கால் தண்ணியைக் குடிச்சுக் காய்ச்சலிலை கிடக்கேலாதாம் மச்சான். ஒரு நல்ல கிணறு இருந்தால் வாறாளாம்."

முருகுப்பிள்ளை தன் வளவில் தோண்டினார், பாறை. இன்னொரு மூலையில் தோண்டினார், அங்கும் பாறை. கடைசியில் வீதியோரத்தில் ஊற்றுக் கண்டார். அங்கேயும் கல் உடைக்க ஊரே கை கொடுத்ததால் கிணறு ஊருக்குச் சொந்தமாயிற்று. அன்னபாக்கியம் அடுத்ததாகக் கோயில் கேட்டார். கும்பிடச் சாமி இல்லாத காட்டில் ஒரு பெண் எப்படி இருப்பது? நியாயம்தான். பிள்ளையார் நெல் லொறியில், வெறும் சாக்குகளுக்கு நடுவே வந்து சேர்ந்தார். அவரும் ஒற்றை ஆள் என்பதால் முருகுப்பிள்ளைக்கு அவரோடு பேச விஷயம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் பஸ். தாய் தகப்பனுக்கு ஒன்றென்றால் ஓடிப்போக வழியில்லாத இடத்துக்கு எப்படி வருவாள் என்றார் ஐயாத்துரை. முருகுப்பிள்ளை சைக்கிளை எடுத்தார். புளியங்குளத்திலும் வவுனியாவிலும் பஸ் கேட்டு அவர் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எங்கும் போகமாட்டார். அன்றைக்கு இரண்டாவது தலையணையை வெயிலில் காயப்போடுவார். பூஞ்சணம் பிடிக்கக் கூடாதல்லவா.

பக்கத்துக் காணி இரஞ்சிதம் வாய்க்காரி. ஒருநாள் வேலிக்கு மேலால் கேட்டாள்:

"அண்ணை, அக்கா அடுத்ததா என்ன கேப்பா எண்டு எங்களுக்கும் சொல்லுங்கோ. எங்கட வயலுக்கு ஒரு மதகு வேணும். அதையும் சேத்துக் கேக்கச் சொல்லுங்கோவன்."

முருகுப்பிள்ளையும் சேர்ந்துதான் சிரித்தார். குசினிக்குள் போய், ஒரு ஆளுக்கு உலை வைத்தபோதுதான் சிரிப்பு நின்றது.

அறுபத்திரண்டில் பஸ் டிப்போவில் இருந்து ஒரு உத்தியோகத்தர் வந்து வீதியைப் பார்த்தார். கிராம முன்னேற்றச் சங்கம் பாலைமரத்தடியில் கூடியது. அடுத்த மாதம் முதல் பஸ் விடலாம் என்றார் அவர். கைதட்டல் ஓய முன்னம் முருகுப்பிள்ளை எழும்பினார்.

"வீதி இன்னும் சரியில்லை ஐயா. மாரி முடியட்டும். அவசரமில்லை."

சங்கத் தலைவர் தவராசா அவர் பக்கம் திரும்பினார்.

"என்ன அண்ணை இது? டயர் தேயத் தேய அலைஞ்சது நீங்கள்தானே?"

"ஓம். அலைஞ்சனான்."

பஸ் இல்லாததால் வராத மனைவி என்றால் ஒரு மனிதன் தலை நிமிர்ந்து நடக்கலாம். பஸ்ஸும் வந்து, மனைவி மட்டும் வராவிட்டால் வேறு என்ன காரணம் மிஞ்சும்? இதைச் சங்கத்தில் எப்படிப் பேசுவது? உத்தியோகத்தர் அவரை எதிர்க்கட்சிக்காரர் என்று நினைத்துக்கொண்டு போனார். பஸ் சொன்ன மாதத்திலேயே வந்தது. மாலை போட முருகுப்பிள்ளையைத்தான் தேடினார்கள். அவர் வயலில் நின்றார்.

அந்த அறுவடைக்கும் ஐயாத்துரை வந்தார். மூட்டைகள் ஏற்றி முடிந்தும் லொறியில் ஏறாமல் சந்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த முறை தங்கை ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"மச்சான், தங்கச்சி..." என்று தொடங்கினார்.

"பஸ் வந்திட்டுது எண்டு சொல்லு மச்சான்" என்று முந்திக்கொண்டார் முருகுப்பிள்ளை. "ஆனா இஞ்ச ஒரு ஆஸ்பத்திரி இல்லை. காய்ச்சல் தலையிடி எண்டாலும் புளியங்குளத்துக்கு ஓடவேணும். அவாவை இப்ப வரவேண்டாம் எண்டு சொல்லு."

ஐயாத்துரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து உதறி, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"ஓம் மச்சான். அது பெரிய குறைதான்."

"அதுதானே."

மறுநாள் காலை முருகுப்பிள்ளை முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். இரஞ்சிதம் வேலியடிக்கு வந்தாள்.

"எங்கை அண்ணை, விடியவே?"

"கந்தோருக்கு. டிஸ்பென்சரி ஒண்டு கேக்கவேணும்."

"அக்காவுக்கோ?"

"ஓம்."

இரஞ்சிதம் மதகைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.